நாற்பத்திரண்டாவது முடிச்சு

மூன்று நாள் காற்றடித்து ஓய்ந்தால் எங்கள் வார்டில் மண் அள்ளுகிறவர்களுக்கு ஒரு வாரம் வேலை இருக்கும். கடற்கரைச் சாலையில் முழங்கால் உயரம் மணல் கிடக்கும். சாக்கடை மூடி எங்கே என்று கம்பியால் குத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உலர்ந்த மணல் மண்வெட்டியில் நிற்காது. ஈர மணல் நிற்கும், ஆனால் முதுகை வாங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு, காலை ஏழு மணிக்குள் அள்ளினால் அது கிடைக்கும். அதற்காகவே கவுன்சிலர் ஆறரைக்கெல்லாம் வந்து நிற்பார். சும்மா நிற்கமாட்டார். ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொள்வார்.

அவரை யாரும் கவுன்சிலர் என்று கூப்பிட்டதில்லை. பதவிக்கு வருமுன் இருபது வருஷம் குழாய் ரிப்பேர் பார்த்தவர். ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த பிறகும் குழாய்க்காரர்தான். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார். தெருவிளக்கு சரி செய்தாகிவிட்டது என்று காகிதம் வந்தால், பொழுது சாயும்வரை கம்பத்தடியில் நின்று, விளக்கு எரிந்த பிறகுதான் போடுவார். குடியிருப்புச் சான்று கேட்டால் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போடுவார்.

"செத்தவனுக்கு சர்டிபிகேட் கேட்டாலும் மூக்குல விரல் வெச்சுப் பாத்துட்டுத்தான் போடுவாரு நம்ம ஆளு" என்பார் ஐஸ்காரர். கடற்கரையில் ஐஸ் பெட்டி வைத்திருப்பவர். அவர் வாயில் யாரும் தப்ப முடியாது.

எங்கள் கடற்கரை தட்டையானது. தண்ணீர் வற்றும்போது அரை மைல் வரைக்கும் தரை தெரியும். அந்தத் தரையில்தான் குப்பையெல்லாம் கிடக்கும். ஆனால் மூடுபனி வந்துவிட்டால் கரை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது. பல வருஷங்களுக்கு முன் குப்பை பொறுக்கப் போன ஒரு பெண், கரைக்குத் திரும்புவதாக நினைத்துக் கடலுக்குள் நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் கயிறு வந்தது. நீளமான கப்பல் கயிறு, அதில் நாற்பத்திரண்டு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு ஆள். ஒன்றாம் முடிச்சு கரையில், நாற்பத்திரண்டாம் முடிச்சு கடல் பக்கம். ஒரு கையில் முடிச்சு, ஒரு கையில் சாக்கு. எல்லோரும் பக்கவாட்டில் வரிசையாக நடந்து பொறுக்கிக்கொண்டே போவார்கள். வார்டு எல்லை வந்ததும் கரையிலிருந்து எண் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கடைசி முடிச்சு பதில் சொன்ன பிறகுதான் வரிசை கரைக்குத் திரும்பும். அவரவர் முடிச்சு அவரவருக்கு. பதினைந்து வருஷமாக மாறியதில்லை.

நாற்பத்தொன்று குழாய்க்காரர். நாற்பத்திரண்டு அவருடைய தங்கை புருஷன். ஆள் நல்ல கனம், அலை இழுத்தாலும் அசையமாட்டான் என்பதால் கடைசியில் நிற்க வைத்தார்கள். நங்கூரம் என்று பேர் வைத்தார்கள்.

நங்கூரம் துறைமுகத்தில் கல் தோணியில் வேலை பார்த்தான். அலைதடுப்புச் சுவருக்குக் கல் கொண்டுபோய்ப் போடுகிற தோணி. போன வருஷம் ஒரு மத்தியானம் ஐந்து பேர் போனார்கள், நான்கு பேர் திரும்பினார்கள். கல்லைத் தள்ளினோம், தண்ணி தெறித்தது, கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆள் இல்லை என்றார்கள் நான்கு பேரும். உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத ஆளைத் துறைமுக ஆபீஸ் செத்தவனாக எழுதாது. ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். வருஷம் முடிந்த ஒரு வாரத்துக்குள் வார்டு கவுன்சிலர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'மேற்படி நபரை அந்த நாளுக்குப் பிறகு நான் பார்க்கவும் இல்லை, அவரிடமிருந்து ஒரு சொல் கேட்கவும் இல்லை.' போட்டால் அவன் கடலில் போனவன். அவன் மனைவிக்குக் கிடங்கு கூட்டுகிற வேலை கிடைக்கும், குவார்ட்டர்ஸில் தொடர்ந்து இருக்கலாம். போடாவிட்டால் அவன் ஓடிப்போனவன். சனிக்கிழமை காலையில் சாமானைத் தெருவில் வைத்துவிடுவார்கள்.

நங்கூரம் போனதிலிருந்து கயிற்றை யாரும் எடுக்கவில்லை. வருஷம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, குழாய்க்காரர் அதை வெளியே எடுத்தார். எத்தனை நாளைக்குத்தான் குப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நடை முடிந்ததும் தங்கையின் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அன்று நல்ல பனி. நீட்டிய கையில் விரல் தெரியவில்லை. தங்கை பழையபடி பத்தொன்பதாம் முடிச்சில் நின்றாள். பொறுக்கிக்கொண்டு எல்லைக்குப் போனார்கள். கரையிலிருந்து எண் கிளம்பியது. ஒன்று டீச்சர், ஏழு ஐஸ்காரர், பத்தொன்பது தங்கை. பனிக்குள் ஒவ்வொரு குரலாகத் தள்ளித் தள்ளிப் போனது. நாற்பத்தொன்று என்றார் குழாய்க்காரர். அங்கே முடித்துவிட்டு, திரும்பலாம் என்று குரல் கொடுத்திருக்க வேண்டும். பதினைந்து வருஷப் பழக்கம், வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்ததோடு விடவில்லை. "ம், சொல்லு மாப்ள" என்றார்.

"நாப்பத்ரெண்டு."

வரிசை கரைக்குத் திரும்பியது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அதுதான் பிறகு எல்லோரையும் உறங்கவிடாமல் செய்தது. சாக்கை இழுத்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். டீயும் ரொட்டியும் கொடுக்கும்போது ஐஸ்காரர்தான் கேட்டார்.

"குழாய்க்காரரே, இன்னிக்கு நாம எத்தனை பேரு?"

"நாப்பத்தொண்ணு."

"அப்ப கடைசியா சொன்னது யாரு?"

டீச்சர்தான் மெல்லச் சொன்னார், "எதிரொலியா இருக்கும்."

"எதிரொலியா? அங்க என்ன டீச்சர் சுவரா கட்டி வெச்சிருக்கு, பட்டுத் திரும்பி வர?" என்றார் ஐஸ்காரர். வழக்கமாகச் சிரிப்பார். சிரிக்கவில்லை.

ஆட்கள் கிளாஸைக் கழுவாமலே வைத்துவிட்டுப் போனார்கள். கயிற்றைச் சுருட்ட இரண்டு பேர்தான் நின்றோம். நாற்பத்தொன்றாம் முடிச்சுவரை கயிறு ஈரம். கடைசி முடிச்சில், கை பிடிக்கிற அளவுக்கு மட்டும், ஈரம் இல்லை.

மத்தியானம் தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மூலையில் இன்னும் பழைய குழாய்த் துண்டுகள். குழாய்க்காரர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்த சோறு குறையவில்லை.

"அண்ணா, பேப்பர்."

"இருக்கு."

"போட்டாச்சா?"

"சாப்பிட்டுட்டுப் போடறேன்."

"சாப்பிட்டுட்டும் போடமாட்டாரு" என்றாள் அவர் மனைவி, அடுப்புப் பக்கம் திரும்பியபடியே. "மூணு தடவை எடுத்தாரு, மூணு தடவை உள்ள வெச்சாரு. பேனா மட்டும்தான் வெளிய கிடக்கு."

தங்கை சுவரோரம் உட்கார்ந்தாள். மகளை, "வெளிய போய் விளையாடு பாப்பா" என்று அனுப்பினாள்.

"நீ கேட்டியா?" என்றார் குழாய்க்காரர்.

"நான் கேட்டது இருக்கட்டும். பேப்பர்ல என் கையெழுத்து கேக்கல, உங்களது கேக்குது."

"கேட்டியான்னு கேட்டேன்."

"கேட்டேன்." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவரு சொல்ற மாதிரியேதான். நடுவுல முழுங்கிட்டு. கேட்டுட்டு எல்லாரு மாதிரியும் நானும் திரும்பி நடந்தேன். பத்தடி போனப்புறம்தான் கால் நின்னுச்சு. இந்த ஒரு வருஷத்துல நான் நிம்மதியா நடந்தது அந்தப் பத்தடிதான்ணா."

அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்தது.

"அப்ப எப்படிம்மா நான் கேக்கலன்னு எழுதறது?"

"கையாலதான்."

"வெளயாடாத."

"நானா வெளயாடறேன்? அவரு இருக்காருன்னா வீட்டுக்கு வரட்டும். கதவு தொறந்துதான் இருக்கு. வந்து நிக்க முடியாத மனுஷன் குரல மட்டும் அனுப்பிச்சா, அதுல நான் சாஞ்சு உக்காரவா முடியும்? குரல் வந்து தண்ணி புடிச்சுக் குடுக்குமா? பாப்பாவ ஸ்கூல்ல விடுமா? வர்ற சனிக்கிழம சாமானத் தூக்கி வெளிய வெப்பானே, அப்ப ஒரு கை குடுக்குமா?"

"இங்க வந்து இரு. வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றாள் அண்ணி.

"உங்க மனசு எனக்குத் தெரியும் அண்ணி. இங்க காலை நீட்டினா தட்டுல இடிக்குது. ஒரு மாசம் நீங்களும் நானும் தங்கமா இருப்போம். ரெண்டாவது மாசம் உப்புக்கு யாரு மூடி போடலன்னு ஆரம்பிப்போம்."

அண்ணி மறுக்கவில்லை.

"அதுகூடப் பரவால்ல" என்றாள் தங்கை. "ஓடிப்போனவன்னு எழுதிருவாங்க. அவரா ஓடறவரு? பாப்பா பெரியவளாகி, எங்கப்பா யாருன்னு கேட்டா, உங்க மாமா காது ரொம்ப நல்ல காது, அதனால உங்கப்பா ஓடிப்போயிட்டாருன்னு சொல்லட்டுமா?"

குழாய்க்காரர் கையைக் கழுவினார். "நான் கூப்பிட்டேன்" என்றார். "சொல்லு மாப்ளன்னு கூப்பிட்டேன். கூப்பிடாம இருந்திருந்தா வந்திருக்காது."

"கூப்பிட்டா யாரா இருந்தாலும் வரத்தான் செய்வாங்க" என்றாள் அவர் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அந்த வாரம் குழாய்க்காரர் வேலையில் குறை வைக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு தெரு சாக்கடையைத் தோண்ட வைத்தார். செவ்வாய் முதியோருக்கான சக்கர நாற்காலி விண்ணப்பம். புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கடற்கரைப் பூங்காவில் புதிய சறுக்குமரம் திறந்து வைத்தார். பிள்ளைகள் வெயிலில் துள்ளிக்கொண்டிருந்தன. எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். குழாய்க்காரர் ஓரத்தில், கடல் பக்கம் கடைசியாக நின்றார்.

"ஓரத்துல நிக்கிறவரு கொஞ்சம் உள்ள வாங்க" என்றார் போட்டோக்காரர்.

குழாய்க்காரர் ஒரு அடி உள்ளே நகர்ந்தார்.

"நீங்க இல்ல சார்." போட்டோக்காரர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தார். திரும்பக் கேமராவுக்குள் பார்த்தார். "சரி, விடுங்க" என்றார்.

அந்தப் போட்டோவின் பிரதி வேண்டாம் என்று குழாய்க்காரர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை மனு வாங்குகிற நாள். வார்டு ஆபீஸ் என்பது ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, சுற்றாத ஒரு மின்விசிறி. தங்கை எல்லோரையும் போல டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் எழுந்து, மடித்த காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"கவுன்சிலர் ஐயாவுக்கு வணக்கம்."

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். குழாய்க்காரர் முகம் சுருங்கியது. "என்னம்மா இது?"

"மனு ஐயா. காத்துல கிழிஞ்ச வலையெல்லாம் கடலோரம் ஒதுங்கிக் கிடக்கு. புள்ளைங்க கால்ல மாட்டுது. நாளைக்கே கயிறு எடுத்து சுத்தம் பண்ணணும்."

"வெள்ளிக்கிழம வேலை நாளு. ஆள் வராது."

"வரவெக்கத்தான் கவுன்சிலர்."

ஐஸ்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பாயிண்ட்தான்" என்றார்.

தங்கை மேஜைமேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள், "நீங்க கண்ணால பாத்து, காதால கேட்டுத்தானே போடுவீங்க? வந்து பாருங்க, கேளுங்க. ஒரு தடவை. நாப்பத்திரண்டாவது முடிச்சு சும்மா கெடக்கறதாலதான் சும்மா இல்லாம இருக்கு. அதுல நான் நிக்கறேன்."

"உனக்கு அந்தக் கனம் இல்ல."

"ஒரு வருஷம் தனியா குடும்பம் நடத்தியிருக்கேன். கனமெல்லாம் வந்திருச்சு."

அவர் மனுவில் 'பார்வையிடப்படும்' என்று எழுதினார். மாலை முழுக்க வீடு வீடாகப் போனார். வரமாட்டேன் என்றவர்கள்கூட, தங்கை முகத்துக்காக வருகிறோம் என்றார்கள். பத்தொன்பதாம் முடிச்சுக்கு அவர் மனைவி வந்தாள்.

வெள்ளிக்கிழமை பனி இல்லை. சுள்ளென்று வெயில். தண்ணீர் வற்றின தரை கண்ணாடி போலக் கிடந்தது. அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்தாலும் தெரியும். கடல் பக்கம் காக்கைகூட இல்லை. இப்படிப்பட்ட நாளில் கயிறே தேவையில்லை என்று ஒருவர் சொன்னார். ஆனாலும் எல்லோரும் முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

கிழிந்த வலை நிஜமாகவே நிறையக் கிடந்தது. ஈர வலை மண்ணைக் கவ்விக்கொள்ளும். காலால் மண்ணைத் தளர்த்திவிட்டு இழுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தங்கை கடைசி முடிச்சில் கணுக்கால் தண்ணீரில் நடந்தாள். அவளுக்கு அப்பால் கயிற்றின் நுனி ஒரு முழம், தண்ணீரில் மிதந்து வந்துகொண்டிருந்தது.

எல்லை வந்தது. கரையில் டீச்சர் ஒன்று என்றார். எண் நடந்து வந்தது. வெயிலில் ஒவ்வொரு வாயும் திறந்து மூடுவது தெரிந்தது. பத்தொன்பது என்றாள் அண்ணி. முப்பது. முப்பத்தொன்பது. நாற்பது. குழாய்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணு."

சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவள் அவருக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நின்றாள்.

அவள் கத்தினாள். எண் சொல்வது போல இல்லை, தெருவில் போகிற பஸ்ஸை நிறுத்துவது போல இருந்தது. முதல் எழுத்திலேயே குரலை முழுக்க எடுத்துவிட்டாள். கரையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நாற்பத்திரண்டு என்கிற சொல்லை அத்தனை நீளமாக யாரும் சொன்னதில்லை. மூச்சு தீர்ந்த பிறகும் தொண்டை மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கத்தலுக்கு உள்ளே இன்னொரு குரல் இருந்தது. அவள் ஆரம்பித்தபோதே ஆரம்பித்தது. பக்கத்து முடிச்சில் நிற்கிற ஆள் சொன்னால் எவ்வளவு கிட்டத்தில் கேட்குமோ, அவ்வளவு கிட்டத்தில். அதே நிதானம், அதே நடுவில் விழுங்குகிற பழக்கம். அவளுக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டது. முடித்துவிட்டு இன்னொரு முறை சொன்னது, பதில் கிடைக்காத ஆள் சொல்வது போல. அதையும் சேர்த்து மூடத்தான் அவள் விடாமல் கத்தினாள். தண்ணீரில் மிதந்த ஒரு முழக் கயிறு விறைத்து நின்றது. அவள் உள்ளங்கைத் தோல் எரிந்தது. அவள் பிடியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. பிறகு கயிறு தளர்ந்தது. அவளும் நிறுத்தினாள்.

வரிசை கரைக்குத் திரும்பியது.

"அடேயப்பா" என்றார் ஐஸ்காரர் கரையில். "என் பெட்டியில ஐஸ் விரிசல் விட்டிருச்சு."

இந்த முறை நாலு பேர் சிரித்தார்கள். டீ சூடாக இருக்கும்போதே குடித்தார்கள்.

குழாய்க்காரர் ஐஸ் பெட்டி மூடிமேல் காகிதத்தை விரித்தார். ஈரம் படாமல் இருக்க அடியில் துண்டைப் போட்டார். பேனாவைத் திறந்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"எதுக்கு அவ்வளவு சத்தம்?"

"ஒண்ணாம் நம்பருக்குக் கேக்க வேண்டாமா?"

"உனக்கு வேற எதாவது கேட்டுச்சா?"

"என் சத்தத்துல எனக்கே காது அடைச்சிருச்சு. உங்களுக்கு?"

"உன் குரல்தான் கேட்டுச்சு."

"வேற?"

"வேற இல்ல."

"அப்ப போடுங்க." அவள் குரல் ஏற்கனவே கட்ட ஆரம்பித்திருந்தது. உள்ளங்கையைச் சேலையில் சுருட்டி வைத்திருந்தாள்.

அவர் அந்தச் சுருட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைக் காட்டு என்று அவர் கேட்டிருக்கலாம். குழாய் வேலை பார்த்தவருக்கு, எங்கே கசிகிறது என்று தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. குனிந்து கையெழுத்துப் போட்டார்.

துறைமுக ஆபீஸ் நாலு மணிக்கு மூடும். தங்கை குளித்து, உடை மாற்றி, மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு, நாலாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். நீளமான கூடம், கடைசியில் ஒரு கம்பி ஜன்னல். அவளுக்கு முன்னால் ஆறு பேர். பின்னால் யாரும் வரவில்லை. அவள் உள்ளே வந்ததும் காவல்காரர் முன்வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார். காரியம் முடிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்கவாசல் வழியாகப் போனார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் காகிதத்தை இரண்டு முறை படித்தான். "கவுன்சிலர் கையெழுத்து இருக்கு. நீங்களும் வாயால சொல்லணும். அவரை அதுக்கப்புறம் பாத்தீங்களா?"

"இல்ல."

"அவர்கிட்டேருந்து எதாவது கேட்டீங்களா?"

அவள் உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது.

"கேக்கல. சத்தமா சொல்லுங்கம்மா. எழுதணும்ல."

காலையில் கத்தினதில் தொண்டையில் மிச்சம் இருந்ததையெல்லாம் திரட்டினாள். "இல்ல" என்றாள். கூடத்தில் அந்தச் சொல் கேட்டது. அதோடு குரல் முழுக்கப் போய்விட்டது.

கிளார்க் எழுதினான். முத்திரை குத்தினான். ஒரு பிரதியை ஜன்னல் வழியாகத் தள்ளினான். "திங்கட்கிழம காலைல கிடங்குக்கு வந்துருங்க. துடைப்பம் அங்கயே தருவாங்க. குவார்ட்டர்ஸ் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவள் காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். வீடு இருக்கிறது. பாப்பா நாளைக்கும் அதே கதவைத் திறந்துகொண்டு ஸ்கூலுக்குப் போவாள்.

கிளார்க் தலையைத் தூக்காமல் அடுத்த படிவத்தை எடுத்து வைத்தான். "அடுத்து வாங்க" என்றான்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். நான்தான் கடைசி, எனக்குப் பின்னால் யாரும் இல்லை, கூப்பிடாதீர்கள் என்று சொன்னாள். வாய் முழுக்க அசைந்தது. ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். கிளார்க் குனிந்த தலை நிமிராமல், காகிதத்தை வாங்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காத்திருந்தான்.